குடிய நிறுத்தின முதல் மூணு மாசம்: சாயங்காலம் 6 மணிலேர்ந்து 10 மணி வரைக்கும் என்ன பண்றது

குடிய நிறுத்தி ஒரு வாரமோ பத்து நாளோ ஆனவங்க, இல்ல நாளைக்கு நிறுத்திரலாம்னு நினைச்சுட்டு இருக்கறவங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் கோயம்புத்தூர்ல லேத் பட்டறைல வேலை பாக்கறவன், பதினாறு வருஷம் குடிச்சேன், அதுல கடைசி அஞ்சு வருஷம் காலைல பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடியே ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் கை நிக்கும். மூணு தடவை நிறுத்தினேன், மூணாவது தடவைதான் நின்னுச்சு, இப்ப நாலரை வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு தடவை ஏன் விழுந்தேன்னு ரொம்ப நாள் யோசிச்சு பாத்தேன். வைராக்கியம் பாத்தா முதல் தடவைதான் எனக்கு ஜாஸ்தி, பொண்ணு தலைல கை வச்சு சத்தியம் பண்ணி நிறுத்தினேன். மூணாவது தடவை சத்தியம் ஒண்ணும் பண்ணல, மனச நம்பல, சாயங்காலத்த மாத்தினேன், அவ்வளவுதான். இந்த சாயங்கால விஷயத்ததான் பெருசா சொல்லப் போறேன், ஆனா அதுக்கு முன்னாடி உடம்பு பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல உயிர் இருக்கு.

தினமும் குடிக்கறவங்க, காலைல எந்திரிச்சா கை நடுங்கறவங்க, வீட்லயே படுத்துட்டு டக்குனு நிறுத்தாதீங்க. நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணேன், மொத நாள் வேர்வை, வாந்தி, கை நடுக்கம், தூக்கம் சுத்தமா இல்ல, சரி தாங்கிக்கலாம்னு இருந்தேன், ரெண்டாவது நாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்க கடிச்சுட்டேன், எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல, பொண்டாட்டிதான் அக்கம்பக்கத்துல கத்தி கூப்பிட்டு ஆட்டோ புடிச்சிருக்கா. கைல சாவிக் கொத்து வச்சாங்களாம், அது எதுக்கும் உதவாது. ஆள ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வைக்கணும், வாய்ல துணி ஸ்பூன் எதயும் திணிக்கக் கூடாது, 108க்கு போன் போடணும், இது வீட்ல இருக்கறவங்களுக்கு முன்னாடியே சொல்லி வச்சுருங்க.

கடைசியா குடிச்சு ஆறு எட்டு மணி நேரத்துல நடுக்கம் ஆரம்பிக்கும், வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளைக்குள்ள வரும், ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளைக்குள்ள சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சி சுவத்துல ஊர்ற மாதிரி தெரியும், சம்பந்தமில்லாம பேசுவாங்க. வீட்ல இதப் பாத்து பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்க கூட்டிட்டு போறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு போகாதீங்க, அது ஆள கொல்லக் கூடிய நிலைமை, நேரா ஆஸ்பத்திரி. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவுன்னு ஒரு ஓபி இருக்கும், மனநலம்னு போர்டு பாத்து கூச்சப்படாதீங்க, குடிக்கும் அங்கதான் பாப்பாங்க. ஒரு வாரம் பக்கம் மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டே வந்து நடுக்கத்த தாண்ட வைப்பாங்க, தயமின்னு ஒரு ஊசி போடுவாங்க, அது வைட்டமின் பி1, குடிக்கறவங்க உடம்புல அது காஞ்சு போயிருக்கும், அது இல்லாம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளைக்கு பாதிப்பு வரலாம். அதனால பக்கத்து கிளினிக்ல போய் சோர்வா இருக்கு ஒரு பாட்டில் ஏத்துங்கன்னு சொல்றவங்க, நான் இத்தனை வருஷமா இவ்வளவு குடிக்கறேன்னு டாக்டர்ட்ட ஒளிக்காம சொல்லிருங்க. எந்த ஆஸ்பத்திரி எங்க போறதுன்னு தெரியலன்னா 14446, அது போதை மீட்புக்கான தேசிய இலவச நம்பர். மனசு ரொம்ப உடைஞ்சு செத்துரலாம்னு தோணுச்சுன்னா 14416, தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை விஷயத்துல ஒண்ணு. ஆசைய குறைக்கறதுக்கு நல்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட்னு மாத்திரைகள் இருக்கு, ஈரல் கிட்னி டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் குடுப்பாரு. டைசல்பிரம்னு இன்னொண்ணு, அத போட்டுட்டு குடிச்சா மூஞ்சி சிவந்து, வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கி விழுந்துருவோம், நிறுத்தினதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் அந்த வேலை உடம்புல இருக்கும். தெரிஞ்சே சம்மதிச்சு போட்டுக்கறவங்களுக்கு அது நல்ல காவல். ஆனா குடிய மறக்க வைக்கற பவுடர், ரசத்துல கலந்து குடுங்க தெரியவே தெரியாதுன்னு விக்கறாங்க பாருங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு குடுக்கற அம்மாவுக்கும் தெரியாது பொண்டாட்டிக்கும் தெரியாது, அவங்க பாசத்துல பண்றது உயிருக்கே வினையாயிரும்.

மறுவாழ்வு மையத்துல சேக்கறதா இருந்தா லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி மையங்கள் பதிவு பண்ணிருக்கணும், டாக்டர் வந்து பாக்கறாரா, வீட்ல இருந்து வந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. அடிச்சாத்தான் திருந்துவான்னு சொல்ற எடத்துக்கு யாரையும் அனுப்பாதீங்க. சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்ச டிடிகே ஆஸ்பத்திரி மாதிரி எடங்கள்ல குடும்பத்துக்கும் சேர்த்து கவுன்சிலிங் குடுக்கறாங்க, அந்த மாதிரி குடும்பத்தையும் உக்கார வச்சு பேசற எடமா பாருங்க.

இப்ப சாயங்காலத்துக்கு வரேன்.

டாஸ்மாக் மத்தியானம் 12 மணிக்கு தொறந்து ராத்திரி 10 மணிக்கு சாத்தறாங்க. பிளாக்ல எந்நேரமும் கிடைக்கும்தான், ஆனா நம்மள மாதிரி வேலைக்கு போறவங்களுக்கு கண்டம் வேலை முடியற ஆறு மணிலேர்ந்து ஷட்டர் இறங்கற பத்து மணி வரைக்கும், நாலே மணி நேரம். காலைல யாருக்குமே வைராக்கியம் இருக்கும், நான் சொல்றது அந்த நாலு மணி நேரத்துக்கு கைல என்ன இருக்குன்னு. உக்காந்து ஒரு பேப்பர் எடுத்து உங்க நாலு மணி நேரத்த எழுதுங்க, எந்த ரோட்ல வர்றீங்க, யார் கூட வர்றீங்க, பாக்கெட்ல எவ்வளவு காசு, வயித்துல என்ன இருக்கு, வீட்டுக்கு வந்தா என்ன வேலை. நான் எழுதிப் பாத்தப்ப தெரிஞ்சது, மத்தியானம் ஒன்றரைக்கு சாப்பிட்டது, ஆறு மணிக்கு பசி, ஓனர் திட்டின கோபம், நின்னு நின்னு கால் வலி, பஸ் ஸ்டாப் பக்கத்துலயே கடை, பாக்கெட்ல ஐநூறு ரூபா. இதுல குடிக்காம போனாத்தான் அதிசயம்.

பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் குடி ஆசையோட வேஷம் போட்டுட்டு வரும்னு எனக்கு கவுன்சிலிங்ல சொன்னாங்க. அதுல பசிய ஜெயிக்கறது ரொம்ப சுலபம், அதனால அங்க ஆரம்பிச்சேன். ரெண்டு டப்பா எடுத்துட்டு போவேன், ஒண்ணு மத்தியானத்துக்கு, இன்னொண்ணு அஞ்சே முக்காலுக்கு. லெமன் சாதமோ நாலு இட்லியோ, பட்டறைலயே உக்காந்து வயிறு முட்ட சாப்பிட்டுட்டுதான் வெளிய கால் வைப்பேன். வயிறு நிறைஞ்சவனுக்கு சரக்கு மேல வர்ற ஆசை பாதியா குறையும், இது நான் அனுபவிச்ச உண்மை, ஒரு வாரம் பண்ணிப் பாருங்க. பாக்கெட்ல கடலை மிட்டாய் வச்சுக்கங்க, முதல் சில வாரம் இனிப்பு மேல வெறி வரும், ரொம்ப பேருக்கு வர்றதுதான், சுகர் இல்லாதவங்க அந்த சமயத்துல சாப்பிட்டுக்கலாம், தொப்பை பத்தி அப்புறம் கவலைப்படலாம். டீ காபி மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல வேணாம், ஏற்கனவே தூக்கம் வராது.

அடுத்தது ரோடு. சுத்து வழியா போனாலும் பரவால்ல, கடை இல்லாத ரோட்ல வாங்க. எனக்கு ஒரு பஸ்ல வர்ற தூரம், மூணு மாசம் ரெண்டு பஸ் மாறி காந்திபுரம் சுத்தி வந்தேன், முக்கா மணி நேரம் கூட ஆச்சு, அதுவும் நல்லதுதான், நாலு மணி நேரத்துல முக்கா மணி நேரம் பஸ்லயே கழிஞ்சிருச்சு.

அப்புறம் யாராவது ஒருத்தர் உங்களுக்காக காத்துட்டு இருக்கற மாதிரி ஒரு வேலைய ஏழு மணிக்கு வச்சுக்கங்க. வாக்கிங் போறேன், பாட்டு கேக்கறேன்னு நாமளா வச்சுக்கற வேலை நிக்காது, மழை வந்தா விட்ருவோம். நான் பொண்ண ட்யூஷன்லேர்ந்து கூட்டிட்டு வர்ற வேலைய எடுத்துக்கிட்டேன், நான் போகலன்னா புள்ள தெருவுல நிக்கும், அந்த நினைப்பு என்னைய இழுத்துட்டு போச்சு. உங்களுக்கு அது அப்பாவ டயாலிசிஸ் கூட்டிட்டு போறதா இருக்கலாம், கோயில்ல அன்னதானத்துக்கு காய் நறுக்கறதா இருக்கலாம், மச்சான் கடைல கணக்கு எழுதறதா இருக்கலாம், ஆனா அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கணும். ஞாயித்துக்கிழமை தனியா யோசிக்கணும், அன்னைக்கு கடை தொறக்கற 12 மணிலேர்ந்தே ஆபத்துதான், கறி எடுத்தா கூடவே குவார்ட்டர்னு பழகியிருக்கும். மூணு மாசம் ஞாயித்துக்கிழமை கறிய காலைலயே சமைச்சு பதினோரு மணிக்கே சாப்பிட்டுட்டு நான் படுத்துருவேன்.

காசு. இது சொல்றதுக்கு வலிக்கும், ஆனா முதல் மூணு மாசம் கைல காசு வச்சுக்காதீங்க. ஏடிஎம் கார்ட நம்பிக்கையான ஆள்ட்ட குடுத்துருங்க, ஜிபேல ஒரு அக்கவுண்ட் மட்டும் வச்சு அதுல இருநூறு முன்னூறு ரூபாய்க்கு மேல இல்லாம பாத்துக்கங்க, மத்தத எடுத்துருங்க. சனிக்கிழமை கூலி வாங்கறவங்க மேஸ்திரிட்ட முன்னாடியே பேசி அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க, இல்ல கூலி வாங்கற நேரத்துக்கு வீட்லேர்ந்து யாரயாவது வரச் சொல்லுங்க. பொண்டாட்டிட்ட காசு கேட்டு நிக்கறது அசிங்கமா இருக்குன்னு எனக்கும் தோணுச்சு, ஆனா அவகிட்ட நாமளே கொண்டு போய் குடுத்து "மூணு மாசம் நீ வச்சுக்கோ"ன்னு சொல்றது வேற, அவ நம்ம பேன்ட் பாக்கெட்ட தொழாவறது வேற.

இவ்வளவு பண்ணாலும் ஆசை வரும், வந்தே தீரும். சட்டுனு எங்கயோ வறுத்த கடலை வாசம் வந்தா போதும், பிளாஸ்டிக் டம்ளர் சத்தம் கேட்டா போதும், வாய்ல எச்சில் ஊறி நெஞ்சு அடிச்சுக்கும். அப்ப ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க, அந்த ஆசை ஏறிட்டே போகாது, அலை மாதிரி ஏறி, உச்சிக்கு போயி, தானா இறங்கும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷத்துக்குள்ள அது தணிஞ்சிரும். நாம குடிச்சு குடிச்சே அத அடக்கினதால அது தானா இறங்கி நாம பாத்ததே இல்ல. அந்த நேரத்துல நான் இனி வாழ்க்கைல குடிக்கவே கூடாதுன்னு எல்லாம் யோசிக்காதீங்க, மலைப்பா இருக்கும், போன்ல இருபது நிமிஷம் அலாரம் வச்சுட்டு எடத்த விட்டு நகருங்க, தலைல தண்ணி ஊத்துங்க, ஒரு சொம்பு மோர் குடிங்க, யாருக்காவது போன் போடுங்க.

போன் போடறதுல ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. 1935 மே மாசம், அமெரிக்கால ஆக்ரன்னு ஒரு ஊர், பில் வில்சன்னு ஒருத்தர் குடிய விட்டு அஞ்சாறு மாசம்தான் ஆச்சு, பிசினஸ் விஷயமா வந்து அது ஊத்திக்கிச்சு, ஓட்டல் ஹால்ல தனியா நிக்கறாரு, ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவரு டெலிபோன் பக்கம் போயி, சர்ச் நம்பர்களுக்கு ஒவ்வொண்ணா போட்டு, பேசறதுக்கு இன்னொரு குடிகாரர் யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. அப்படி கிடைச்சவர்தான் டாக்டர் பாப், அவரும் மொடாக்குடி, அவங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சதுலதான் ஏஏ, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வந்துச்சு. அறிவுரை சொல்ற ஆள அவரு தேடல, தன்ன மாதிரியே ஒருத்தர தேடினாரு. நம்ம ஊர்கள்லயும் ஏஏ கூட்டம் நடக்குது, சர்ச் ஹால்ல, ஸ்கூல் ரூம்ல, தமிழ்லதான் பேசுவாங்க, காசு கிடையாது, பேர் ஊர் விசாரிக்க மாட்டாங்க, குடிய விடணும்னு ஆசை இருந்தா போதும். "நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு சொல்லும்போது எனக்கு முதல் நாள் உடம்பு கூசுச்சு, வாயே தொறக்கல, பின்னாடி பெஞ்சுல உக்காந்துட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டேன், அதுவே போதும். முதல் வேலையா அங்க ரெண்டு பேர் நம்பர வாங்கிக்கங்க, ஆசை வர்றப்ப அந்த நம்பருக்குத்தான் போடணும். குடும்பத்துக்கு ஆல்-அனான்னு தனி கூட்டம் இருக்கு, நாம திருந்தினாலும் திருந்தாட்டியும் அவங்க போகலாம்.

கூட்டாளிங்க. பழைய செட்டு கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்ததே அவங்கதான். ஆனா மூணு மாசத்துக்கு அவங்க வேணாம், வாட்ஸப் க்ரூப்லேர்ந்து வெளிய வந்துருங்க. நேர்ல பாத்து கூப்பிட்டா "வேணாம் மாப்ள, நிறுத்திட்டேன்", அவ்வளவுதான், காரணம் சொல்லாதீங்க. காரணம் சொன்னா அவன் ஒவ்வொண்ணா உடைப்பான், ஈரல்னா பீர் அடின்னுவான், பொண்டாட்டின்னா ஆம்பளையான்னுவான். சும்மா கம்பெனி குடு, நீ சைடிஷ் மட்டும் சாப்பிடுன்னு ஒரு அழைப்பு வரும், அதுக்கு மட்டும் போயிராதீங்க, நான் ரெண்டாவது தடவை விழுந்தது அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி போகாதீங்க, காலைல முகூர்த்தத்துக்கு போயிட்டு சாப்பிட்டுட்டு வந்துருங்க. கெடா வெட்டு, காது குத்துக்கு பொண்டாட்டி புள்ளையோட போயி அவங்களோடயே திரும்புங்க. சாவு வீடுதான் கஷ்டம், அங்க துக்கமும் இருக்கும், ராத்திரி கண்ணு முழிக்கணும், காடு வரைக்கும் போறவங்களுக்கு சரக்கு வாங்கிக் குடுக்கற வழக்கமும் இருக்கும். போகாம இருக்க முடியாது, அதனால கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க, மால போட்டு கைய புடிச்சு அழுதுட்டு பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிருங்க, காரியத்தன்னைக்கு பகல்ல வந்து வேலை செஞ்சு அந்தக் கடன தீத்துக்கலாம்.

ஐயப்பனுக்கு மாலை போடறத பத்தி சொல்லணும். என்னோட ரெண்டாவது தடவை அதுதான், 48 நாள் ஒரு சொட்டு தொடல, விடிகாலை குளியல், பஜனை, கூட சாமிங்க, நல்லா இருந்துச்சு, இப்ப யோசிச்சா சாயங்காலத்த மாத்தினதுதான் அங்கயும் வேலை செஞ்சிருக்கு, தினமும் ஆறு மணிக்கு பூஜை, என்னைய காணம்னா குருசாமி போன் போடுவாரு. மலைலேர்ந்து வந்து மாலைய கழட்டின அன்னைக்கு ராத்திரியே குடிச்சேன். ஏன்னா 49வது நாள் சாயங்காலம் என்ன பண்றதுன்னு நான் யோசிக்கவே இல்ல. மாலை போடறவங்க, கயிறு கட்டறவங்க போடுங்க, நல்ல பலம் அது, ஆனா கழட்டறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அடுத்த ஏற்பாட்ட பண்ணிருங்க. கை நடுக்கம் இருக்கறவங்க மாலை போடறதுக்கு முன்னாடி டாக்டர பாத்துருங்க, விரதம்னு டக்குனு நிறுத்தினாலும் வலிப்பு வரலாம்.

வீட்ல யாரும் ஆரத்தி எடுக்க மாட்டாங்க. பத்து நாள் குடிக்காம இருந்துட்டு, நான் இவ்வளவு கஷ்டப்படறேன் ஒரு வார்த்தை பாராட்டறாளான்னு எனக்கு கோபம் வந்துச்சு. அவ பதினாறு வருஷம் சத்தியத்த கேட்டவ, எப்படி நம்புவா. வாய ஊதுன்னு கேட்டா ஊதிக் காட்டுங்க, சண்டை போடாதீங்க, அந்த சண்டைய சாக்கா வச்சுத்தான் கடைக்கு போவோம். தூக்கம் சரியாக சில வாரம், சிலருக்கு மாசக் கணக்குல ஆகும், சும்மா எரிச்சல் வரும், குடிச்சுட்ட மாதிரியே கனவு வந்து பதறிப் போய் எந்திரிப்பீங்க, அது ரொம்ப பேருக்கு வர்றதுதான். தூக்க மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, அது அடுத்த பழக்கமாயிரும். அரிஷ்டம் குடிக்கறவங்க கவனிங்க, தசமூலாரிஷ்டம் மாதிரி மருந்துங்க நொதிக்க வச்சு செய்யறது, அதுலயே ஆல்கஹால் இருக்கும், இருமல் டானிக் சிலதுலயும் இருக்கும், லேபிள பாத்து வாங்குங்க.

ஒரு நாள் தவறி குடிச்சுட்டீங்கன்னா, அன்னைக்கு ராத்திரிதான் முக்கியம். போச்சு எல்லாம் போச்சு, இனி ஒண்ணாம் தேதிலேர்ந்து பாத்துக்கலாம்னு ஒரு எண்ணம் வரும், அந்த எண்ணம்தான் ஒரு கட்டிங்க ஒரு மாசமாக்கறது. மிச்சத்த கீழ ஊத்துங்க, எடத்த விட்டு எந்திரிங்க, ஏஏல வாங்கின நம்பருக்கு போடுங்க, வீட்ல ஒளிக்காம சொல்லிருங்க. டைசல்பிரம் சாப்பிடறவங்க குடிச்சுட்டா வீட்ல படுக்காம ஆஸ்பத்திரி போங்க. நாலஞ்சு நாள் தொடர்ந்து குடிச்சுட்டீங்கன்னா மறுபடி தானா நிறுத்தாம டாக்டர்ட்ட போய் நிறுத்துங்க. மறுநாள் காலைல அந்த பேப்பர எடுத்து நேத்து ஆறு மணிலேர்ந்து என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க, எந்த ரோடு, யாரு, எவ்வளவு காசு, எப்ப சாப்பிட்டீங்க. ஓட்டை எங்கன்னு அதுலயே தெரியும், அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த ஒரு ஓட்டைய அடைச்சுட்டு ரெண்டாவது டப்பாவையும் கட்டிட்டு வேலைக்கு போங்க.